பாத்திரத்தை வெச்சிட்டு பிள்ளையை வாங்கு

கேள்வி: குழந்தைக்கு அஞ்சு வாரம் ஆகுது. சாயங்காலம் ஆனா விடாம அழறா. பால் பத்தலன்னு மாமியார் குழந்தையை என்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போய் பவுடர் பால் கரைச்சு பாட்டில்ல குடுக்கறாங்க, அவங்க குடுத்து முடிக்கறதுக்குள்ள நான் பாத்திரமெல்லாம் தேய்ச்சு முடிச்சிடுவேன். எனக்கு பால் சுத்தமா நின்னுடுமோன்னு பயமா இருக்கு. என்ன சாப்பிட்டா ஊறும்?

பதில்: சாப்பாட்டு லிஸ்ட் நான் போடப் போறதில்லம்மா, பயப்படாதேன்னும் சொல்லப் போறதில்ல. இதே லெட்டர் எத்தனையோ தடவை வந்திருக்கு. உன் லெட்டர்ல எனக்கு தூக்கிவாரிப் போட்டது அந்தப் பாத்திரம்தான், நீ என்னவோ போற போக்குல எழுதிட்டே. குழந்தை பசிச்சு அழுது, பால் இருக்கறவ சிங்க் முன்னாடி நிக்கறா, பால் இல்லாதவங்க மடியில குழந்தை. இது உனக்கு உறுத்தவே இல்லையா?

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மார்ல பால் தேங்கி நின்னா இவ்வளவு தேவையில்லன்னு உடம்பு சுரப்பைக் குறைச்சுக்கும். தினமும் சாயங்காலம் பாட்டில் போனா அந்த வேளைப் பால் உன் உடம்போட கணக்குலயே இருக்காது, கொஞ்ச நாள்ல நெஜமாவே பத்தாம போயிடும், அப்புறம் "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு மாமியார் சொல்லுவாங்க, நீயும் நம்பிடுவே. இந்த வயசுல 24 மணி நேரத்துல 8ல இருந்து 12 தடவை குடிக்கறது சகஜம், அதுலயும் சாயங்காலம் பல குழந்தைங்க விட்டு விட்டு கேட்டுட்டே இருக்கும். அழுகையை மட்டும் வெச்சு பால் பத்தலன்னு முடிவு பண்ணாதே. ஒரு நாளைக்கு 6 டயப்பராவது நல்லா நனையுதா, எடை ஏறுதா, அதைப் பாரு.

வாயில எப்படி வெக்கறேன்னும் பாரு. குழந்தை வாயை ஆன்னு பெருசா திறக்கணும், தாடை மார்ல ஒட்டி இருக்கணும், கீழ் உதடு வெளிப்பக்கமா மடிஞ்சிருக்கணும், காம்பு மட்டும் இல்லாம அதைச் சுத்தி இருக்கற கருப்பு வட்டத்துலயும் பெரும்பாதி வாய்க்குள்ள போகணும். காம்பை மட்டும் சப்பினா உனக்கு வலிக்கும், அவளுக்கு சரியா பால் வராது. இதை எழுத்துல படிச்சு கத்துக்கறது கஷ்டம், பக்கத்துல ஒருத்தி உக்காந்து தலையை இப்படிப் பிடின்னு காட்டணும். 1956ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ஏழு அம்மாக்கள் இதுக்காகவே சேர்ந்து உக்காந்தாங்க, பால் குடுக்கற அம்மாக்களுக்கு உதவற லா லெச்சே லீக்ங்கற அமைப்பு அப்படித்தான் ஆரம்பிச்சுது. 1989ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிரசவம் பாக்கற இடங்கள்ல தாய்ப்பால் குடுக்க உதவறதுக்குன்னு பத்து படிகள் வகுத்தப்போ, பத்தாவது படியே அம்மாக்களுக்கு உதவி செய்யற குழுக்களை வளர்க்கணும், வீட்டுக்குப் போறவங்களை அவங்ககிட்ட அனுப்பி வெக்கணும்ங்கறதுதான். டெலிவரி ஆன இடத்துல போய் கேளு. உனக்குத் தெரிஞ்சு பால் குடுத்த ஒருத்தியாவது இருப்பா, அவளைக் கூப்பிடு. என்ன நினைப்பாளோன்னு தயங்காதே.

மாமியார் மேல எனக்கு கோபம் இல்ல, குழந்தை அழுதா அவங்களுக்கு மனசு கேக்கல. என் கோபம் உன் மேல. "அத்தை, குழந்தையை என்கிட்ட குடுங்க, பாத்திரத்தை நீங்க பாத்துக்கங்க"ன்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னியா? பிள்ளை பெத்தவ கையில இருக்கற வேலையை வாங்கிக்கறதுதான் குடும்பத்தோட கடமை, அவ பிள்ளையை வாங்கிட்டு வேலையை அவ தலையில விடறது உதவியே இல்ல. உன் லெட்டர்ல உன் புருஷன் எங்கயுமே வரல, அவருக்கும் ரெண்டு கை இருக்கு, பாத்திரம் தேய்க்க அது போதும்.

பாட்டிலை ஒரேயடியா நிறுத்தாதே. முதல்ல டாக்டர்கிட்ட காட்டி எடை பாரு, அவங்க சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறை. ஆனா எப்பவும் மார்ல போட்ட அப்புறம்தான் பாட்டில். நாளைக்கு சாயங்காலம் அவ அழ ஆரம்பிச்சதும் சோப்புக் கையைத் துடைச்சிட்டு போய் குழந்தையை வாங்கிக்கோ, ஹால்லயே எல்லாரும் இருக்கும்போதே உக்காந்து குடு, எழுந்திருக்காதே. புருஷன் கிச்சனுக்குப் போனாரா இல்லையான்னு எனக்கு எழுது.