எங்கள் குறுக்குத் தெருவின் இரு பக்க மனைகளையும் ஒரே கட்டுமான நிறுவனம் வாங்கிவிட்டது. நடுவில் உள்ள தெருவைத் தர முடியாது என்று சென்னை மாநகராட்சி மறுக்கலாமா?

தாராளமாக மறுக்கலாம். இரண்டு பக்கமும் வாங்கிவிட்டார் என்பதற்காக நடுவில் ஓடும் தெரு அவருக்குச் சேர்ந்துவிடாது. விலை தருகிறேன் எனலாம், பின்னால் அதே அளவு நிலம் மாற்றாகத் தருகிறேன் எனலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது.

நான் சொத்து ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் வேலையில் இருக்கிறேன். இந்த விவகாரத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பொது நிலத்தை வைத்துக்கொள்வதில்தான் உள்ளாட்சிக்கு அதிகாரம் அதிகம். தூக்கிக் கொடுப்பதில் கை கட்டப்பட்டிருக்கிறது.

லக்னோ அமீனாபாத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் கடைவளாகம் கட்ட, டெண்டர் கூட விடாமல் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது அந்த ஊர் மாநகராட்சி. கட்டுமானமும் கிளம்பிவிட்டது. 1999-ல் உச்ச நீதிமன்றம், கட்டியதை இடித்துவிட்டுப் பூங்காவை மீட்டுக்கொடு என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 1991-ல், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த உத்தரவும் ரத்தானது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை.

சென்னையில் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்பது இதுதான். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்டவும் இடமுண்டு. இந்த விதி செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தனியாரிடமிருந்தே பூங்காவுக்கு நிலம் வாங்கும் ஊரில், இருக்கிற தெருவை விட்டுக்கொடுப்பானேன்?

மாற்று நிலம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கையே இல்லை. அப்படி வந்த ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். பொதுத் தெருவுக்கும் வளாகத்தின் உள்பாதைக்கும் ஒரே சாம்பல் நிறம். எது யாருடையது என்று சர்வே எண்ணைத் தேடித்தான் பிரித்தறிய முடிந்தது. தெருவின் நடுவில் வரிசையாகப் பாதாளச் சாக்கடை மூடிகள் இருந்தன. அடியில் குழாய் ஓடும் நிலத்துக்கு, மூலையில் கிடக்கும் துண்டு நிலம் எப்படி ஈடாகும்? நாளைக்கு அடைப்பெடுக்க வண்டி வந்தால் வாட்ச்மேனிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். கேட் போட்டபின் அதை யார் திறக்கச் சொல்வது!

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது நகர நில அளவைப் பதிவேடு. தெரு அதில் அரசு அல்லது மாநகராட்சி பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். சில சந்துகள் பழைய உரிமையாளர் விட்ட தனிவழியாக, அவர் பட்டாவிலேயே இருக்கும். அப்படியானால் நான் சொன்னது பொருந்தாது. வழிப்பாத்தியதையை, அதாவது அந்த வழியே போய்வரும் உரிமையை வைத்துத்தான் போராட வேண்டியிருக்கும். மாநகராட்சி நிலம்தான் என்றால், தெரு சம்பந்தமாக மன்றத் தீர்மானம் ஏதும் போட்டிருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் எழுத்தில் ஒரு ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.