கொலை, கத்திக்குத்து வழக்குகளை மத்திய அரசின் போலீஸ் விசாரித்தால் நியாயம் சீக்கிரம் கிடைக்குமா?

உங்கள் வழக்கு உள்ளூர் ஸ்டேஷனில் நகரவில்லை, ‘சிபிஐக்கு மாற்றச் சொல்லுங்கள்’ என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள் போல. தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கிழக்கு தில்லி. மற்ற மாநிலங்களில் போலீஸ் மாநில அரசிடம் இருக்கிறது. இங்கே சட்டமன்றம் இருந்தும், அரசமைப்பின் 239ஏஏ பிரிவு போலீஸை அதன் கைக்கு வராமல் வைத்திருக்கிறது. கமிஷனர் பதில் சொல்வது மத்திய உள்துறைக்கு. நீங்கள் ஆசைப்படுவது எங்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்த என் மச்சினனை செல்போனுக்காக வயிற்றில் குத்திவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். எஃப்ஐஆர் அன்றைக்கே போட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போனார். வந்தவருக்கு ஃபைலின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. எம்எல்ஏ ஆபீசுக்குப் போனோம். டீ கொடுத்து, "போலீஸ் எங்க கையில இல்லைஜி" என்றார்கள். எம்பி ஆபீசில் மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஊரில் என்றால் கவுன்சிலரில் ஆரம்பித்து மந்திரி வரை சண்டை போடலாம், தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். இங்கே யாரைத் திட்டுவது?

இதைச் சித்தப்பாவிடம் சொன்னால், "உனக்கென்னப்பா, உள்துறையே பக்கத்துல இருக்கு" என்கிறார். தில்லித் தமிழன் என்றால் ஒவ்வொரு அமைச்சகத்திலும் ஆள் இருக்கும் என்று ஊரில் ஒரு நினைப்பு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எமர்ஜென்சி கோட்டா வேண்டும் என்றால் மட்டும் சொந்தக்காரர்களுக்கு என் நம்பர் ஞாபகம் வரும். எனக்குத் தெரிந்த ஒரே செக்‌ஷன் ஆபீசர் ரிட்டயராகி தாம்பரம் போய்விட்டார், ஐயா.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன். இங்கே விசாரிப்பது மத்திய அரசின் போலீஸ், வழக்கு நடத்தும் பிராசிகியூஷன் துறை தில்லி அரசுடையது. 2020 கலவர வழக்குகளுக்கு எந்த வக்கீல்கள் என்பதில் தில்லி அமைச்சரவையை மீறி, போலீஸ் கொடுத்த பட்டியலையே ஏற்கச் சொன்னார் துணைநிலை ஆளுநர். எங்கள் வழக்குக்கு அப்படி யாரும் அடித்துக்கொள்ளவில்லை. அரசு வக்கீல் அன்று காலையில்தான் ஃபைலைப் பிரித்தார். மால்கானாவிலிருந்து, அதாவது கைப்பற்றிய பொருள்களைப் போலீஸ் வைத்திருக்கும் அறையிலிருந்து, வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைத்த பொட்டலம் வந்தது. ஜட்ஜ் முன்னால் பிரித்தார்கள். உள்ளே மச்சினனின் சட்டை, ரத்தம் காய்ந்து காப்பிப்பொடி நிறத்தில் மொடமொடவென்று இருந்தது. அரக்கு முத்திரையில் இருந்த எழுத்தும், பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் இருந்த எழுத்தும் ஒத்துப்போகவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். சந்தேகத்தின் பலனில் ஒருவன் வெளியே வந்துவிட்டான்.

அந்த அரக்கை வைத்தவர் ஒரு ஏட்டு. அவருக்கு மேலே சென்னை இருந்தால் என்ன, தில்லி இருந்தால் என்ன? சிபிஐ வந்தாலும், உள்ளூர் போலீஸ் முதல் நாள் எடுத்த பொட்டலத்தை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். வருவதும் லேசில்லை. அது இயங்கும் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்தின் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கேட்காமலிருக்கக் கொடுத்திருந்த பொதுச் சம்மதத்தைத் தமிழ்நாடு 2023இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் மட்டும் சம்மதம் இல்லாமலே உத்தரவிடலாம் என்று 2010இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது, அதையும் அபூர்வமாகத்தான் செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் வந்த என்ஐஏ, பயங்கரவாதம் மாதிரிக் குற்றங்களுக்கு. தெருச்சண்டைக் கொலைக்கு வராது.

உடனே, 2020இல் போலீஸ் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கைக் காட்டுவார்கள். போலீஸே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது வெளியாள்தான் விசாரிக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அங்கேயும் முதல் கைதுகளைச் செய்தது மாநில சிபிசிஐடி. சிபிஐ எடுத்த பிறகும் மதுரையில் வருடக்கணக்கில் இழுத்தது. நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, மாநில போலீஸுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை.

விசாரணை நிஜமாகவே படுத்துவிட்டது என்றால் முதலில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 175(3) பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. சிபிஐ கேட்டு ஹைகோர்ட்டுக்கு அலையும் காசில் நல்ல கிரிமினல் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். கோர்ட் அனுமதித்தால் பாதிக்கப்பட்டவர் தரப்பில் அவர் அரசு வக்கீலுக்கு உதவியாக நிற்கலாம். மகஜர் நகலை அவர் வரிவரியாகப் படிக்கட்டும்.