மருந்தை மாற்றும் முன் இலையைத் திருப்புங்கள்

கேள்வி: அரை ஏக்கரில் பாலிஹவுஸ் (பாலித்தீன் கூரைக் குடில்) போட்டு ரோஜா வைத்திருக்கிறேன். அடி இலைகளில் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள் விழுந்து, பிறகு இலையே காய்ந்து உதிர்கிறது. ஒரே மாதத்தில் நாலு தடவை பூச்சி மருந்து அடித்தும் குறையவில்லை. மருந்து போலியாக இருக்குமா?
- வாசகர், தளி

பதில்: மருந்தைச் சந்தேகப்படும் முன் ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டி மாவு தூவியது போலப் பொடியாக ஏதோ தெரியும், பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பொடி நடக்கும். எட்டுக் கால், உடம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி இருந்தால் அதுதான் செஞ்சிலந்தி, கடையில் மைட்ஸ் என்று கேட்டால் தெரியும். பெயரில்தான் செம்மை, நிறம் பெரும்பாலும் வெளிர்மஞ்சள். சிவப்பாக எதுவும் காணோமே என்று விட்டுவிடாதீர்கள்.

இது பூச்சி இல்லை, சிலந்தி இனம். அதனால் பூச்சி மருந்துகளில் பலவற்றுக்கு இது அசையாது. அதைவிடக் கெடுதல், சைபர்மெத்ரின் மாதிரி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மைட்ஸைத் தின்கிற நல்ல சிலந்திகள் முதலில் செத்துப்போகும், அப்புறம் தடுக்க ஆள் இல்லாமல் மைட்ஸ் இரண்டு மடங்காகப் பெருகும். உங்கள் பாலிஹவுஸில் நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

முதலில், நூலாம்படை கட்டிய அடி இலைகளைப் பறித்து நேராகச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள், பாத்தி நடுவே குவித்து வைத்தால் திரும்ப ஏறிவிடும். வெயில் வரும் காலை நேரமாகப் பார்த்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மதியத்துக்குள் செடி காய்ந்துவிட வேண்டும். அதன் பிறகே சிலந்திக்கென்று உள்ள மருந்து, அபாமெக்டின் போல, லேபிளில் உள்ள அளவில். நாசிலை மேல்நோக்கித் திருப்பி அடியுங்கள், மேலே நனைந்து கீழே காய்ந்திருந்தால் அடித்தது வீண். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த சிலந்தியாக எட்டுப் பத்து நாள்தான் ஆகும், முட்டைக்குப் பல மருந்துகள் எட்டாது, ஆகவே ஒரு வாரத்தில் இன்னொரு தடவை தேவைப்படும். அந்த இரண்டாம் தடவை வேறு விதமாக வேலை செய்கிற மருந்தாக இருக்கட்டும். கம்பெனி பெயர் மாறினால் போதாது, உள்ளே இருக்கும் மருந்தே மாற வேண்டும்.

கேள்வி: பாலிஹவுஸ் வெள்ளரியில் இலை மேல் மஞ்சள் திட்டு, நரம்புக்குள் அடங்கிக் கட்டம் கட்டமாக இருக்கிறது. சாம்பல் நோய் என்று கந்தகம் அடித்தேன், பரவிக்கொண்டே போகிறது.
- வாசகர், பாலக்கோடு

பதில்: விடியற்காலையில், பனித்துளி காய்வதற்குள் அந்தத் திட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய பூஞ்சை தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். சாம்பல் நோய் என்றால் இலையின் மேலேயே திருநீறு பூசியது போல வெள்ளையாக இருக்கும். பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர இரண்டும் வேறு வேறு. கந்தகம் சாம்பல் நோய்க்குக் கேட்கும், அடிச்சாம்பலை ஒன்றும் செய்யாது, வெயில் ஏறிய நேரத்தில் வெள்ளரி இலையைக் கருக்கவும் செய்யும்.

அடிச்சாம்பலுக்கு ஈரம்தான் சோறு. சாயங்காலம் குளிருக்குப் பயந்து பக்கத் திரைகளை இறுக மூடிவிடுகிறோம், ராத்திரி உள்ளே வேர்த்து, பாலித்தீனிலிருந்து சொட்டுச் சொட்டாக இலையில் விழுகிறது. காலையில் திரையைக் கொஞ்சம் முன்னதாகத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றுங்கள், சொட்டுநீரைக் காலையில் மட்டும் விடுங்கள், தரையை ஒட்டிய இலைகளைக் கழியுங்கள். மருந்துக்கு, பாதித்த இலையை ஒரு பேப்பரில் சுற்றிப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். இலையைப் பார்த்து எழுதித் தருவது, போனில் கேட்டு வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: பூச்சி வந்து ஒட்டிக்கொள்கிற பசை தடவிய மஞ்சள் அட்டை கட்டினால் மருந்தே வேண்டாமா?
- வாசகர், பாகலூர்

பதில்: வேண்டும். வெள்ளை ஈ மஞ்சளில் ஒட்டும், இலைப்பேன் நீலத்தில் நன்றாக ஒட்டும், மைட்ஸுக்கு இறக்கையே இல்லை, எதிலும் ஒட்டாது. அட்டை எண்ணிப் பார்ப்பதற்கு. செடியின் நுனிக்குச் சற்று மேலே கட்டுங்கள், வாராவாரம் ஒரே கிழமையில் எண்ணி நோட்டில் எழுதுங்கள், எண்ணிக்கை திடீரென்று ஏறினால் கதவுப் பக்கத்தையும் பூச்சிவலைக் கிழிசலையும் முதலில் போய்ப் பாருங்கள்.