வாடை போக என்ன வாங்கலாம்?

மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் படுக்கையறைக்கு அலமாரி, அடுப்படிக்கு மாடுலர் கிச்சன் போட்டோம். இரண்டு மாதமாகியும் உள்ளே போனால் கண் எரிகிறது. பெயின்ட் வாடைதான், போய்விடும் என்கிறார் ஆசாரி. (வாசகி, கீழக்கரை)

பெயின்ட் இல்லைம்மா, பசை. மரத்தூளைப் பலகையாக அழுத்தும்போது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போடுகிறார்கள், அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மாதக்கணக்கில், சில பலகைகளில் வருடக்கணக்கில்கூடக் கசியும். இதே வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். மீன் வாங்கும்போது ஃபார்மலின் போட்டிருக்குமோ என்று செவுளைத் தூக்கிப் பார்க்கும் நாம், அதையே காசு கொடுத்துப் படுக்கையறையில் நிறுத்திவிடுகிறோம். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. வெக்கையும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும், நம் கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதனால் அடங்கிவிட்டது என்று நினைத்த வாடை ஐப்பசி மழையில் திரும்ப வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உப்புக்காற்று கம்பியைத் தின்னும், மணல் வரும் என்று அடைத்து வைப்பது தெரியும். கொஞ்ச நாளைக்குக் கம்பி துருப்பிடித்தால் பிடிக்கட்டும். ஸ்பிளிட் ஏசி இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. துணிகளை எடுத்துவிட்டு அலமாரிக் கதவு, டிராயர் எல்லாம் திறந்து கிடக்கட்டும். அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு, லேமினேட் ஒட்டாத பின்பக்கம், அறுத்த விளிம்பு, துளை எல்லாவற்றையும் எட்ஜ் பேண்டோ வார்னிஷோ போட்டு மூடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கசிவது அந்த வழியாகத்தான். அதுவரை பழைய அறையில் படுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

சாம்பிராணி போட்டால் போகுமா? (தங்கச்சிமடம்)

போகாது. புகையிலும் அதே ஃபார்மால்டிஹைடு உண்டு, கொசுவர்த்திச் சுருளிலும்தான்.

பதினான்காயிரம் ரூபாய்க்கு ஏர் ப்யூரிஃபையர் வாங்கினேன். வாடை அப்படியே இருக்கிறது. (தொண்டி)

ஹெப்பா ஃபில்டர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். அது தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கூடவே இருக்கும் மெல்லிய கரித்தாளும் ஃபார்மால்டிஹைடுக்கு அவ்வளவாகப் பயன்படாது, இதற்கென்றே மருந்தேற்றிய கரி வேண்டும், அதுவும் கிலோ கணக்கில். உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. ஒரு கண்காட்சியில் தள்ளுபடி விலைக்கு டிவி ஸ்டாண்டு வாங்கி, அதன் வாடைக்கு மூங்கில்கரிப் பை ஆறு வாங்கி, அதுவும் போதாமல் வாயு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். பக்கத்தில் யாராவது சென்ட் அடித்தால்கூட அது சிவப்பு காட்டியது. கடைசியில் ஒரே மழைக்காலத்தில் ஸ்டாண்டு டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிப்போனது.

செடி வைக்கலாமா?

அழகுக்கு வையுங்கள். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசா சொன்னது என்பார்கள். அந்த 1989 சோதனை அடைத்த பெட்டிக்குள் நடந்தது, வீட்டில் இல்லை.

மரைன் பிளைவுட் என்று சொல்லிக் காசு வாங்கினார் கான்ட்ராக்டர். கிச்சன் பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஐஎஸ் 303, எம்ஆர் என்று முத்திரை. பில் இல்லை, கைப்பட எழுதிய எஸ்டிமேட்தான். (மண்டபம்)

உங்கள் மேல் தப்பில்லை, இது பச்சை ஏமாற்று. ஐஎஸ் என்பது இந்தியத் தர எண், மரைனுக்கு ஐஎஸ் 710. அதற்கு ஃபீனால் வகைப் பசை, தண்ணீரையும் தாங்கும், வாயுவும் மிகக் குறைவு. எம்ஆர் என்றால் ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்கும் சாதாரண பிளைவுட், அதற்குப் பெரும்பாலும் யூரியா பசை. ஆக இரண்டு விதத்தில் நஷ்டம். இந்தக் கரையோரத்தில் எதைக் கேட்டாலும் ‘வாட்டர் புரூஃப் சார்’ என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாட்டர் புரூஃப் என்று சொன்னால் எந்தத் தர எண், எந்த முத்திரை, எழுதிக் கொடு என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் வேலை கொடுக்கக்கூடாது.

முத்திரையைப் படமெடுங்கள். அதிலுள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, தர முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் நிஜமா என்று தெரியும். எஸ்டிமேட், ஜிபே ரசீது, வாட்ஸாப் பேச்சு எல்லாமே சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது.

ஆன்லைனில் பேபி கட்டில் வாங்கினேன், பிராண்ட் ஞாபகமில்லை, வாடை வருகிறது. சென்ட் அடிக்கலாமா? (உச்சிப்புளி)

ஞாபகமில்லையா! ஆர்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், நாள் தாண்டியிருக்காவிட்டால் இன்றே திருப்பி அனுப்புங்கள். சென்ட் வேண்டாம். குழந்தையை அதில் போடாதீர்கள்.

பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். அலமாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். எந்தப் பலகை நல்லது? (தேவிபட்டினம்)

அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கிறீர்கள். சரி, இன்னும் பலகை இறங்கவில்லை என்றால் ஐஎஸ் 710 அல்லது குறைந்தபட்சம் இ1 (வாயு குறைவாகக் கசியும் பலகைக்கான தரம்) என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். சிமென்ட் ஸ்லாப் அடித்து அலுமினியக் கதவு போட்டால் இந்த வம்பே இல்லை. பிரித்த பனங்கட்டையை விற்பதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், விலை பேசலாம்.