சீனாக்காரர் பிரச்சினை நமக்கெதற்கு என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் ஓக்லாந்துக்கு வரப்போவதாகச் சொல்லி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாடகை: கொள்ளை. லைசென்ஸ்: எழுத்துத் தேர்வுக்கு டி.எம்.வி. (இங்கே லைசென்ஸ் தரும் அரசு அலுவலகம்) புத்தகத்தைப் படித்தால் போதும். கொரோனா காலத்தில் ஆசியர்களை அடித்தார்களாமே, அது சீனாக்காரர்களோடு நிற்குமா, நமக்கும் வருமா என்ற மூன்றாவதற்குத்தான் எனக்கு வாய் நிற்காது.

நான் வந்தது 2001 ஆகஸ்ட். அடுத்த மாதமே இரட்டைக் கோபுரம் விழுந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற என்மேல் ஒரு காரிலிருந்து பாதி குடித்த சோடா கோப்பை வந்து விழுந்தது, கூடவே "உன் ஊருக்குப் போடா". பிசுபிசுத்த சட்டையோடு வேலைக்குப் போனேன். அதே வாரம் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதியை, தலைப்பாகையைப் பார்த்து அரபிக்காரர் என்று நினைத்து ஒருவன் சுட்டுக் கொன்றான். அவனுக்குச் சீக்கியரும் தெரியாது, அரபியரும் தெரியாது.

இது நம் ஆட்களுக்கு உறைப்பதே இல்லை. 2020 பிப்ரவரியில் வாட்ஸப் குழுவில் "சீனாக்காரன் கடைப்பக்கம் போகாதீங்க" என்று ஒரே பிரசங்கம். வருடக்கணக்காகப் பாகற்காயும் கொத்தமல்லியும் வாங்கியது அங்கேதான்! ஊரடங்கு மார்ச் 17-ல்தான் வந்தது. அதற்கு முன்பே சைனாடவுன் வெறிச்சோடிவிட்டது.

அந்த மார்ச்சில்தான் ஆசியர்கள்மேல் நடக்கும் வெறுப்புச் சம்பவங்களைப் புகாராக வாங்கிப் பதிவுசெய்யும் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற அமைப்பு தொடங்கியது. ஓராண்டுக்குள் 3,795 புகார்கள். பெரும்பாலும் அடிதடி இல்லை, வசவு. அதைத்தான் நாம் "போகட்டும்" என்று துடைத்துக்கொண்டு போவோம். நானும் அந்தச் சோடாவை எங்கும் சொல்லவில்லை, இன்றும் உறுத்துகிறது. நீங்கள் தேதி, இடம், வண்டி எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவைத்து அந்த அமைப்பிடம் புகார் கொடுங்கள். வசவுக்கெல்லாம் போலீஸ் வழக்கு போடாது, பரவாயில்லை. இப்படிக் கணக்கு ஏறியதும் சேர்ந்துதான் 2021 மே மாதம் கோவிட் வெறுப்புக் குற்றச் சட்டத்தில் பைடன் கையெழுத்துப் போட்டார்.

அதே ஆண்டு ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் 84 வயது தாய்லாந்துப் பெரியவர் விச்சா ரத்தனபக்டி காலை நடைக்குப் போனவர், ஒருவன் ஓடிவந்து மோதித் தள்ளியதில் இறந்துபோனார். அதன் பிறகு ஓக்லாந்து சைனாடவுனில் வயதானவர்களுக்குத் துணையாக நடக்கத் தொண்டர்கள் கிளம்பினார்கள். மனைவி பேச்சைக் கேட்காமல் நானும் சனிக்கிழமைகளில் போனேன். தெரிந்த நம்மவர்களையும் கூப்பிட்டேன். ஆளுக்கொரு ஜூம் மீட்டிங் இருந்தது.

என் பங்குக்கு ஒரு சீனப் பாட்டி. கையில் தள்ளுவண்டி, கழுத்தில் சிவப்பு விசில். ஆங்கிலம் வராது. நான் வேகமாக நடந்தால் சட்டையைப் பிடித்து இழுப்பார். நான் எடுக்கிற பாகற்காயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெளிறி வழுவழுவென்று இருப்பதாகப் பார்த்து என் பையில் திணிப்பார். பிட்லைக்குக் கசப்பே போதாது என்று வீட்டில் திட்டு விழும். என் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது, "இந்தியா!" என்றுதான் கூப்பிடுவார். அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டது ஒரே ஒரு தடவை, சிவப்பு விளக்கில் நான் ரோட்டில் இறங்கியபோது.