எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு 6 அங்குல ரிம், 195/60 டயர் போடலாமா?

1972 எம்ஜிபி (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), ரோஸ்டைல் என்ற வகை 5 அங்குல இரும்பு வீல். அதைக் கழற்றிவிட்டு 6 அங்குல அலாய் ரிம்மும் 195/60 ஆர் 14 டயரும் மாட்டினால் வளைவில் பிடிப்பு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கூடும். ஆனாலும் போடாதீர்கள். இந்தக் காருக்கு 5.5 அங்குல ரிம், 185/70 ஆர் 14 டயர், அதுதான் என் பதில்.

அகலத்தைப் பார்ப்பதற்கு முன் டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள். டயர் அளவில் முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரோஸ்டைல் வீலில் வழக்கமாக ஓடுவது 165/80. (பழைய டயரில் வெறும் 165 எஸ்ஆர் 14 என்றுதான் இருக்கும், சதவீதம் எழுதாவிட்டால் ஏறக்குறைய 80 என்று கொள்ளலாம்.) 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. 14 அங்குல ரிம் 355.6. ஆக 619.6 மி.மீ. இதே கணக்கில் 195/60 வெறும் 589.6 மி.மீ. வண்டி 15 மி.மீ. இறங்கிவிடும், எம்ஜிபியின் சைலன்சர் ஏற்கெனவே தரையை ஒட்டித்தான் தொங்குகிறது. பின் ஆக்சிலின் பல்சக்கர விகிதம் 3.909 என்பதால், ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாமல் டாப் கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3450 சுற்று சுற்றிய எஞ்சின் 3620-க்கு மேல் சுற்றும். ஸ்பீடோமீட்டரும் 5 சதவீதம் கூட்டிக் காட்டும். 185/70-இன் உயரம் 614.6, வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. 14 அங்குலத்தில் நல்ல டயர் கிடைப்பது குறைந்துகொண்டே வருவதால் 15 அங்குலத்துக்குப் போக நினைத்தால் 185/65 ஆர் 15 எடுங்கள், 621.5 வரும்.

அடுத்தது ரிம் அகலம். 185/70 டயர் 4.5 முதல் 6 அங்குல ரிம் வரை ஏற்கும். 195/60-க்குக் குறைந்தது 5.5 வேண்டும். அதை 5 அங்குல ரோஸ்டைலில் திணித்தால் பக்கச்சுவர் உள்ளே இழுக்கப்பட்டு, டயர் வயிறு தள்ளி நிற்கும். நடுப்பட்டை முதலில் தேயும். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எம்ஜிபியில் நிஜமாகவே தொல்லை கொடுப்பது பின்பக்க இடதுபுறம்தான். பாடிக்கு நேர் நடுவில் ஆக்சில் உட்கார்ந்திருக்கும் எம்ஜிபி குறைவு. பெரும்பாலும் இடது மட்கார்டில் இடைவெளி குறைவாக இருக்கும். போதாக்குறைக்குப் பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் தேய்ந்தால் வளைவில் ஆக்சில் பக்கவாட்டிலும் நகரும். அதனால் டயரின் வெளிப்பக்கத்துக்கும் மட்கார்டின் உள்மடிப்புக்கும் நடுவே 10 முதல் 12 மி.மீ. விடுங்கள். அளக்கும்போது ஜாக்கை பாடிக்குக் கொடுக்காமல் ஆக்சிலுக்கே கொடுத்துத் தூக்குங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் நிஜ இடைவெளி தெரியும். வீலைக் கழற்றி, ஹப்பின் (வீல் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, அங்கிருந்து மடிப்பு வரைக்கும் ஸ்பிரிங் வரைக்கும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் வரை உள்ள தூரம்) மாறாமல் 5-இலிருந்து 6 அங்குலத்துக்குப் போனால் ரிம் உள்ளேயும் வெளியேயும் 12.7 மி.மீ. வளரும். ஆஃப்செட்டை 10 மி.மீ. குறைத்தால் மொத்த வீலும் 10 மி.மீ. வெளியே வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பல அலாய் வீல்கள் ஏன் உரசுகின்றன என்பது விளங்கும். கம்பி வீல் வண்டிக்கான பின் ஆக்சில் நீளம் குறைந்தது. அதில் பொருந்திய அளவை நம்பி உங்கள் வண்டிக்கு வாங்காதீர்கள்.

முன்பக்கத்தில் கிங்பின்னை (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்வீல் சுழலும் அச்சாணி) நினைத்துப் பாருங்கள். வீல் வெளியே நகர நகரக் கிங்பின் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே தூரம் கூடுகிறது. ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் உதைக்கும். கிங்பின்னும் ஹப் பியரிங்கும் சீக்கிரம் தேயும். கேஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்த கோணம்) 7 டிகிரி இருப்பதால் ஸ்டியரிங் ஏற்கெனவே கனம். 195 போட்டு வண்டியை நிறுத்த வளைத்தால் தோள் வலிக்கும். அதோடு கேம்பர் (வீல் பக்கவாட்டில் சாயும் கோணம்) ஏறக்குறைய 1 டிகிரி பாசிட்டிவ். வீலின் தலை வெளியே சாய்ந்திருக்கும் இந்த அமைப்பில் அகலமான, குட்டைச் சுவர் டயர் வளைவில் வெளி ஓரத்திலேயே நிற்கும். உயரமான சுவர் கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பட்டை முழுவதையும் தரையில் வைக்கும். எதிர்பார்க்கிற கூடுதல் பிடிப்பில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

அலாய் மாட்டும்போது நட்டைக் கவனியுங்கள். ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) அரை அங்குல யுஎன்எஃப் மரை, துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ., நான்கு ஸ்டட். ரோஸ்டைல் நட்டின் முகம் கூம்பு. சில அலாய்களுக்குத் துளைக்குள் இறங்கும் உருளைக் கழுத்தும் தட்டை வாஷரும் உள்ள நட் வேண்டும். மாற்றி மாட்டினால் இறுகியதுபோல் இருந்து ஓட்டத்தில் தளரும். 60 முதல் 65 அடி-பவுண்டு வரை குறுக்காக முறுக்குங்கள்; 80 கி.மீ. ஓட்டியபின் மறுபடி பாருங்கள்.

பிற்பாடு கம்பி வீலுக்கு மாறினால் பொதுவாக டியூப் வேண்டும். டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் வரிவரியாக மேடு இருந்தால் அது டியூபை உரசியே ஓட்டையாக்கும். டயரை வாங்குமுன் உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒட்டிய காகிதச் சீட்டையும் உரித்துவிட்டு டால்க் பவுடர் தூவி மாட்டச் சொல்லுங்கள்.

185/70-க்குக் காற்று முன்னால் 26, பின்னால் 28 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு கிழித்து நூறடி நேராக ஓட்டுங்கள். நடு மட்டும் அழிந்தால் 2 பிஎஸ்ஐ குறையுங்கள், ஓரம் மட்டும் அழிந்தால் 2 கூட்டுங்கள். டோ-இன் (முன்வீல்கள் முன்பக்கத்தில் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மி.மீ.க்குள் இருக்கட்டும்.