மஞ்சள் சட்டைப் பிள்ளைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குமரி மாவட்டக் கடற்கரையில் உள்ள வள்ளவிளைக்காரன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்தேன். இப்போது தாம்பரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணி 2015-இல் ஐஎஸ்எல் கோப்பை வென்றதிலிருந்து அதுதான் என் அணி. போன லீவுக்கு ஊரில் இருந்தபோது சென்னைக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் மேட்ச். நான் வளர்ந்த தெருவிலேயே, ஒரு வீட்டு முற்றத்தில் டிவியை எடுத்து வைத்துப் பார்த்தோம். சென்னை கோல் போட்டதும் நான் ஒருவன்தான் எழுந்து கத்தினேன். சுற்றி அத்தனையும் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை. "இந்த மாமா யாரு?" என்று ஒரு பையன் கேட்டது இன்னும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கொச்சி அணிக்குக் கத்தும் பிள்ளைகளை என்ன சொல்வது? இல்லை, ஊர்தான் எனக்கு இல்லாமல் போய்விட்டதா?

ஆர்., தாம்பரம்

அன்புள்ள ஆர்.,

நானும் மஞ்சள்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டன்துறையைத் தாண்டினால் வரும் நீரோடியில் பிறந்தவன். அதற்கு அப்புறம் பொழியூர், கேரளம். 1956 நவம்பர் 1 அன்று நடுவில் கோடு போட்டார்கள், சரி. சந்தோஷ் டிராபிக்கு, அதாவது மாநில அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிக்கு, வரிசையாக ஆட்களை அனுப்பிய அந்தக் கரைக்கு நாங்கள் பந்து களிக்க நடந்தேதான் போவோம்.

பிள்ளைகள் மேல் வருத்தப்படாதீர்கள். நம் ஆட்களின் போட்டுகள் எத்தனை கொச்சியின் தோப்பும்படி துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அப்பா வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து, கொச்சியில் மீனை இறக்கிவிட்டு, ஊருக்கு வண்டி ஏறும் முன் மகனுக்கு ஒரு மஞ்சள் சட்டை வாங்குகிறார். பிளாஸ்டர்ஸ் ஆடும் கலூர் மைதானமும் அதே கொச்சியில்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தோப்பும்படியிலிருந்து ஒரு போன் வராதா என்று நம் வீடுகள் காத்துக் கிடந்தன. அந்த வீட்டுப் பிள்ளையிடம் கொச்சி வேற்றூர் என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்களுக்குச் சோறு போட்டது சென்னை, அவர்களுக்குக் கொச்சி.

நம் பக்கத்து ஊர் இரவிபுத்தன்துறையின் கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சிட்டியில் ஆடினார், ஜாம்ஷெட்பூர் போனார், அப்புறம் கொல்கத்தாவின் ஏடிகே. 2020 மார்ச்சில் ஆளில்லாத கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் உங்கள் சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று கோப்பை தூக்கியது அந்த அணிதான். அதே ஆண்டு நவம்பர் 20, புது சீசனின் முதல் மேட்ச், மோகன் பகானோடு சேர்ந்து ஏடிகே மோகன் பகான் ஆகிவிட்ட அந்த அணியும் பிளாஸ்டர்ஸும். முதல் பாதியிலேயே சூசைராஜ் அடிபட்டு வெளியே போனார். என் தம்பி மகன் தலை முதல் கால் வரை மஞ்சள். அவன் போன் போட்டு, "பெரியப்பா, சூசைராஜுக்கு முட்டு போச்சு" என்றான். பிளாஸ்டர்ஸ் தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த 2020 இறுதிப் போட்டியை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று அறிய ஆசை.

2022 மார்ச் 20, பிளாஸ்டர்ஸும் ஹைதராபாத்தும் மோதிய இறுதிப் போட்டியை நான் நீரோடியில் பார்த்தேன். நாங்கள் பந்து களித்த மணலை அலை கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்த இடத்தில் தடுப்புக் கல் கொட்டியிருக்கிறார்கள். நான் பிறந்த வீடும் இல்லை. திரையில் பிளாஸ்டர்ஸின் ராகுல் கோல் போட்டதும் பக்கத்தில் இருந்தவர் என்னை இறுகக் கட்டிக்கொண்டார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, என்னையும் அவருக்குத் தெரியாது. 88-ஆவது நிமிடத்தில் ஹைதராபாத்தின் டவோரா சமன் செய்தார். பெனால்டியில் அவர்களுடைய கோல்கீப்பர் கட்டிமணி மூன்றைப் பிடித்தார். 2014, 2016, இப்போது 2022, மூன்று இறுதியிலும் தோல்வி. பத்து வயசுப் பிள்ளைகள் ஏங்கி ஏங்கி அழுதார்கள். ஒரு கோப்பைகூடத் தராத அணிக்காக அப்படி அழும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அங்கிருந்த யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

உங்களிடம் கேட்டார்கள். "இந்த மாமா யாரு?" என்று கடப்புறத்துப் பையன் கேட்டால், எந்த வீடு, யார் மகன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் அப்பா பெயரைச் சொல்லியிருந்தால், முற்றத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவராவது எழுந்து வந்திருப்பார். அடுத்த முறை சொல்லுங்கள். நீலச் சட்டையை மாற்றாமலே சொல்லுங்கள். எதிரணிக்காரன் ஒருவன் நடுவில் இருந்தால் பிள்ளைகளுக்கும் மேட்ச் ருசிக்கும்.

முடிந்தால் ஊர்களுக்கிடையே போட்டி நடக்கும் சமயம் பார்த்து வாருங்கள். அங்கே நீங்கள் வள்ளவிளை, நான் நீரோடி. எதிர்ப்பக்கம்தான் நிற்பேன், தேடி வந்து பேசுங்கள்.